மல்லிகா பார்த்த ஆள்

"குதிரைக்கு உயிலா?"

வக்கீல் சேனாதிபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வில்பட்டி குருநாதன் சிரிக்கவில்லை. தோளில் இருந்த மலைப்பூண்டு மூட்டையை வலது கையாலேயே அலாக்காக இறக்கி, மேசையோரம் வைத்தார். ஃபீஸாம்!

"பொஞ்சாதி, பிள்ளை இல்லாதவன்யா நான். எனக்கப்புறம் என் மல்லிகாவை அடிச்சுத் தொரத்திருவானுக. கண்ணு வேற மங்கிப் போச்சு அதுக்கு."

"குதிரை பேருக்குச் சொத்து எழுதச் சட்டத்துல எடமில்ல. அதைப் பாத்துக்கிடுற ஆளு பேருக்குத்தான் எழுதலாம். பேரைச் சொல்லுங்க."

"பேரு எதுக்குங்க? நான் போனப்புறம் ஊரைக் கூட்டுங்க. மல்லிகா யாரு கையில தீனி திங்குதோ, அந்த ஆளுக்கு வீடும் பூண்டுத் தோட்டமும். கடைசி வரைக்கும் அதைப் பாத்துக்கிடணும். அம்புட்டுத்தான்."

கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தார் சேனாதிபதி. ஆனாலும் எழுதி, ரிஜிஸ்தர் செய்து கொடுத்தார்.

அடுத்த மாதமே குருநாதன் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த மறுநாள் வில்பட்டி ஜனம் மொத்தமும் கோயில் முன்னால் கூடிவிட்டது. திருவிழா தோற்றது போங்கள்! உயில் சங்கதி அதற்குள் ஊரெங்கும் பரவியிருந்தது.

குருநாதனின் அண்ணன் மகன் நல்லுசாமி, புது வேட்டியில் வந்து வக்கீலின் காதைக் கடித்தான்.

"நல்லவேளைங்க. சித்தப்பா வீட்டுக்குப் பின்னால கொட்டகையில ரெண்டு பொட்டப்பிள்ளைகளோட கெடக்காளே, சிலோன்ல இருந்து வந்த தமயந்தி, புருசன் இல்லாதவ... அவ பேருக்கு எழுதிருவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். எழுதியிருந்தா, ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு கேட்டு, சந்தி சிரிக்க வச்சிருப்பேன்ல! இன்னிக்கே அவளைக் கெளப்பி விட்டுரணும்."

மல்லிகாவைக் கொண்டுவந்து கட்டினார்கள். கிழட்டு மட்டக்குதிரை. வாய் மட்டும் கிழடு இல்லை.

நல்லுசாமி வெல்லத்தை நீட்டினான். குதிரை வெல்லத்தை விட்டுவிட்டு அவன் துண்டைக் கவ்வியது. ஊரே கொல்லென்று சிரித்தது.

"ஏலே, வெரசா கையை எடுலே! வெரலு போயிரும்!"

அவன் பெண்டாட்டி கேரட்டோடு போனாள். குதிரை காதை மடக்கிப் பல்லைக் காட்டியதும் கேரட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். கொள்ளு, பேரிக்காய், அரிசிச் சோறு என்று ஆளாளுக்கு முட்டிமோதியும் ஒன்றும் நடக்கவில்லை.

"வேற யாரு?" என்றார் வக்கீல்.

கூட்டத்தின் கடைசியில் பிள்ளைகளோடு நின்ற தமயந்தி, "பசியோட நிக்குதுங்களே" என்றாள், யாரிடமோ.

அவ்வளவுதான். குரல் கேட்ட பக்கம் குதிரை திரும்பியது. கயிற்றை அறுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அவள் முந்தானைக்குள் மூக்கை நுழைத்தது. அவள் ஊருக்குப் பயந்துகொண்டே, பக்கத்து ஆளின் கூடையிலிருந்து ஒரு கை கொள்ளு அள்ளி நீட்டினாள். மொறுமொறுவென்று தின்றது.

"குதிரையே சொல்லிருச்சுடோய்!" ஊர் ஆரவாரம் செய்தது.

நல்லுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். குதிரையிடம் போய் என்ன உறவென்று கேட்பது?

வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது சேனாதிபதி கேட்டார்: "குருநாதனைத் தவிர யாரையும் அண்ட விடாதுன்னாங்களே. உங்கிட்ட எப்படிம்மா?"

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலது கை வெளங்காமப் போச்சு, தீனிக் கூடையைத் தூக்க ஏலாதுன்னு, ஒரு வருசமா என்னையத்தான் வைக்கச் சொன்னாருங்கய்யா. வெள்ளனே நான் தீனி வைப்பேன், அவரு தோட்டத்துக்குப் போயிருவாரு. பாவம், அந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பாடுபட்டாரோ!"

சேனாதிபதி சாவியை அவள் கையில் வைத்தார். அவர் கண்ணெதிரே ஒரு மூட்டைப் பூண்டை அலாக்காக இறக்கி வைத்த கையல்லவா அது!