கடைசி நாளுக்கு மறுநாள்

டீக்கடையை மூடப்போகும் சேதி செல்போன் செல்போனாகப் பரவிவிட்டதில், கடைசி நாளன்று கடைக்குள் ஈ நுழையக்கூட இடமில்லை.

"இந்த பெஞ்சுலதான் நான் பரீட்சைக்கே படிச்சேன்" என்று ஒருவர் விசும்பினார். தாடிக்காரர் ஒருவர் டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டார். "இனிமே இந்த டீ எங்கண்ணே கிடைக்கும்? தெருவே செத்துப்போச்சு!"

இத்தனை நாளாய் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க டீக்கடைக்காரருக்குத் தோன்றவில்லை. மனசு அப்படிக் குளிர்ந்து கிடந்தது.

"ஏங்க, இவ்வளவு பாசமா இருக்காங்களே. நாமதான் அவசரப்பட்டுட்டோம்" என்றாள் மனைவி, கிளாஸ் கழுவிக்கொண்டே.

"எனக்கும் அதேதான் ஓடுது. காலையில திறந்துடுவோம்."

மறுநாள் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பால் வாங்கிக் காய்ச்சினார். ஆடை கட்டியதுதான் மிச்சம். எதிர் வரிசையில் கண்ணாடிக் கதவு போட்ட புது டீ, காபிக் கடைகளுக்குள் ஜனம் போவதும் வருவதுமாக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு தலை திரும்பவில்லை.

வெயில் ஏறிய பிறகு தாடிக்காரர் வந்தார். டீக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாங்க தம்பி! உங்களுக்காகத்தான் திறந்து வச்சிருக்கேன். ஸ்ட்ராங்கா ஒண்ணு போடவா?"

தாடிக்காரரின் முகம் சுருங்கியது.

"ஐயையோ, திறந்துட்டீங்களா? டீ வேணாம்ணே, இப்பதான் எதிர்ல குடிச்சேன். மூடின கடையைப் படம் பிடிச்சுப் போடலாம்னு வந்தேன். ஒரு நிமிஷம் ஷட்டரை இறக்குறீங்களா?"

டீக்கடைக்காரர் உள்ளே நின்றபடியே இறக்கினார்.

"எடுத்தாச்சுண்ணே! இனிமே தூக்கிக்கலாம்!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

உள்ளே, அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார் டீக்கடைக்காரர்.