மெர்சின்காரி

கதவின் மேலிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்ததும் சானியே முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். 'தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு.'

மருமகள் நெரிமான் வெளியே வந்தாள். முன்கையில் ஊசி குத்திய சிவப்பு.

மாமியார் குடைந்த குடைச்சலில் உண்மை வந்துவிட்டது. புண் வாயில் மட்டுமில்லை, சொல்லக் கூசுகிற இடத்திலும் இருக்கிறது. டாக்டரம்மா ஊசியால் குத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

"அங்கேயெல்லாம் தானா வருமாடி? யார்கிட்ட வாங்கினே?"

பக்கத்தில் நின்ற நெரிமானின் புருஷன் இல்யாஸ், லாரி ஓட்டுகிறவன், தொண்டையைக் கனைத்தான்.

"அவளை விடும்மா. என்கிட்டேயிருந்து வந்ததுதான். மெர்சின் துறைமுகத்துல ஒருத்தி."

சோரும் என்கிற எங்கள் ஊரில், வறுத்த கடலை ஆறுவதற்குள் ஒரு செய்தி மூன்று தெரு தாண்டிவிடும். இது ஏழு தெரு தாண்டி, ஊர் எல்லையில் நின்றுதான் மூச்சு வாங்கியது. சானியே மகன் முன்னாலிருந்த சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மச்சினன் சட்டையைப் பிடித்தான். நெரிமான் வாசலில் நின்று, தெருவே கேட்க, நாயே என்றாள். டீக்கடையில் நாற்பது வருஷமாகப் புளுகுகிற எனக்கே மெர்சின்காரி மேல் சந்தேகம் வரவில்லை. அவளுக்குப் பச்சைக் கண் என்று சேர்த்துச் சொன்னதே நான்தான்.

மூன்றாம் நாள், குத்திய இடத்தில் சின்னக் கொப்புளம். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு இருவரையும் உட்காரவைத்தார்.

"வெறும் ஊசி குத்தினதுக்கே கொப்புளம் வந்திருக்கு; இது பெஹ்செட் நோய்மா. உன் உடம்பைக் காக்கிற காவல்காரனே உன்னை அடிக்கிறான். கண்ணையும் விடமாட்டான், இன்னைக்கே கண் டாக்டரைப் பாரு. மத்தபடி இது யார்கிட்டேயிருந்தும் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது."

வராந்தாவில் நெரிமான் இல்யாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாயே என்ற வாயால் பேசக் கூசியது.

"அப்போ அந்த மெர்சின்காரி?"

"அப்படி யாரும் இல்லை. உன் பேரு கெட்டுடக் கூடாதேன்னு..."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு எட்டு நடந்தாள். நின்றாள். கையை விட்டாள்.

"நீங்க சுத்தம்னு உங்களுக்குத் தெரியும். அப்போ நான்தான் யார்கிட்டேயோ போனேன்னு நினைச்சிருக்கீங்க."

ஊரே ஏசியபோது தலைநிமிர்ந்து நின்ற இல்யாஸ், அப்போதுதான் தரையைப் பார்த்தான்.