சப்பாத்திக் கட்டை

புதுவாயல் சாம்சன் தலையில் சப்பாத்திக் கட்டை இறங்கியது. சத்தத்துக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கும். அடித்தது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பிரின்சி. சாம்சன் கோபப்படவில்லை. யாரோ தாலாட்டியதுபோல், ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஏஞ்சலின் ஓடிவந்து கட்டையைப் பிடுங்கினாள்.

"அடிப்பாவி! பெத்த அப்பனையே அடிக்கிறியே! எப்பப் பாரு வெட்டு, குத்து, ரத்தம்னு சீரியல் பார்த்துக்கினு புத்தியே கெட்டுப்போச்சு. இன்னிக்கே கேபிளைப் புடுங்கறேன்!"

"சீரியல்ல அடிச்சதும் நல்லதுதாம்மா நடந்துச்சு."

"இன்னாடி நல்லது? வாய் மேலயே போடுவேன்!"

சாம்சன் மெல்லத் திரும்பினார்.

"திட்டாதீங்கக்கா, பாவம்" என்றார் மனைவியிடம். "யாரு ஊட்டுக் கொழந்தை இது?"

ஏஞ்சலின் ஓங்கிய கட்டையை இறக்கினாள். கம்பெனியில் இரும்புக் குழாய் தலையில் விழுந்த நாளிலிருந்து அவருக்கு அவள் 'அக்கா'தான்.

பிரின்சி விசும்பினாள். "அந்த சீரியல் அங்கிளுக்கும் இப்டித்தாம்மா எல்லாம் மறந்துபோச்சு. இன்னொரு அடி உழுந்ததும் ஞாபகம் வந்துடுச்சு."

ஏஞ்சலின் போய் வாசற்கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எந்தப் பக்கம்டி அடிச்சாங்க?"