ஆறடி கேரியர்

“ஜீப் மேல கேரியர் போடணும். ஆறடி நீளம், ரெண்டடி அகலம்” என்றார் எண்ணூர் கம்பெனி மேனேஜர்.

தண்டையார்பேட்டை வெல்டர் பாஸ்கல் அளவெடுத்தான். “சாமான உள்ளாறயே வச்சிகினு போலாமே சார்?”

“போன மாசம் அப்படித்தான் ஏத்தினோம். புது சீட்டு பூரா பாழாப்போச்சு. நாத்தம் இன்னும் போகல!” முகத்தைச் சுளித்தார்.

“மீன் கூடையா சார்?”

“சீச்சீ! சுத்தி உயரமா கம்பி வை. வளைவுல உருண்டுடக் கூடாது.”

செய்த கேரியரைத் தூக்கி வைத்து, நட்டு முடுக்கத் தொடங்கினான் பாஸ்கல். “அப்டி இன்னா சாமான் சார்?”

“சாமான் இல்லப்பா. மெஷின்ல கையக் குடுத்துட்டுக் கத்தறானுங்களே, அவனுங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. ஒரே ரத்தம்!”

பாஸ்கல் ஸ்பேனரைக் கீழே போட்டுக் காறித் துப்பினான்.

“நீ ஒருவாட்டி மேல ஏறிப் படுத்துக் காட்டு சார். அப்பால முடுக்கறேன்.”