உதாரணத்தில் ஒரு யானை

“பெரிய கம்பெனியே விலைக்குக் கேக்குது. சும்மாவா குடுக்கப் போறீங்க, அக்கா?” என்றான், மாத்தளை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஹுஸ்னி.

“யாரும் எடுத்துப் பாவிக்கட்டும்,” என்றாள் கெத்தரின்.

ஓயாமல் வந்து குவியும் தகவல்களைக் கையாளும் புரோகிராம்களை, ஓடவிடும் முன்பே சோதித்துப் பிழை பிடிக்கும் கருவி அது. அவளே எழுதியது.

அது பிடிக்கும் பிழைக்கு அவள் கூடவே வைத்திருந்த உதாரணத்தைப் படித்து ஹுஸ்னி சிரித்தான். “யானை நிக்கிற இடத்தை ஃபோனுக்கு அறிவிக்கிற புரோகிராமாம், யானை எப்ப நின்னிச்சுன்னு பார்க்காம, மெசேஜ் எப்ப வந்திச்சுன்னு பார்க்குதாம்! நல்ல கற்பனைதான் உங்களுக்கு.”

கருவியை எல்லோருக்குமாகத் திறந்துவிட்டுக் கெத்தரின் திரும்பினாள்.

“யானை குளத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதுன்னு ஃபோன்ல பார்த்துட்டுத்தான், லக்கலயில எங்கப்பா காடு வெட்டிப் பயிர் வச்ச சேனைக்குப் போனாரு, ஹுஸ்னி. அது ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி நின்ன இடம்.”