முகர்ந்து பார்க்கும் உத்தியோகம்

"வெங்காயத்தை வெட்டி மூக்குக்குக் கீழேயே வெச்சிருக்கேன். இன்னுமா ஒண்ணும் தெரியலை?"

"கண்ணுதான் எரியுது. மூக்கு வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றார் மூக்கர்.

மனைவி வெங்காயத்தை அப்பால் வைத்துவிட்டு, முந்தின நாள் அவர் கழற்றிப் போட்ட காலுறையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கண்ணை மூடி, நிதானமாக மூச்சை உள்ளே இழுத்தார். முகத்தில் ஒரு சிறு சுளிப்புகூட இல்லை.

"ஐயையோ, இதுக்கே அசையலைன்னா சங்கதி மோசம்தாங்க!" என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கர் என்பது அவருடைய உத்தியோகம் தந்த பெயர். ஒரு பெரிய தொழிலதிபர் விலைபேசும் ஒவ்வொரு விஸ்கியையும் முகர்ந்து, ஒரு வாய் சுவைத்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்வதே ஒன்பது ஆண்டுகளாக அவர் பார்த்துவரும் வேலை. அந்த வேலைக்கு வேண்டிய ஒரே கருவியைப் பத்து நாளைக்கு முன் வந்த ஜலதோஷம் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு வரப்போகும் பாட்டிலோ ஒரு வீட்டின் விலை.

"வாசனை தெரியலைன்னு முதலாளிகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொன்னா நாளைக்கே வேற மூக்கு வெச்சுக்குவார். உங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்? எப்பவும் சொல்றதையே சொல்லுங்க. என்ன சொல்வீங்க?"

"பழைய புத்தகம், தோல்பை, காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல், மழையில நனைஞ்ச மரம்..."

"இதுக்கா இவ்வளவு காசு? நம்ம பரணைக் கழுவி ஊத்தினாலே இதெல்லாம் கிடைக்குமே! சரி, அதையே சொல்லுங்க. யார் போய்ச் சரிபார்க்கப் போறாங்க?"

நான்கு நாள் விடுமுறை கழிந்து அன்று காலைதான் அலுவலகம் திறந்திருந்தது. முதலாளி வழக்கம்போல மூக்கரை ஜன்னலோரம், வெளிச்சம் நேராக விழும் நாற்காலியில் உட்காரவைத்தார். தாம் எதிரே அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

விற்க வந்த வியாபாரி வெள்ளைக் கையுறை அணிந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் பாட்டிலைப் பெட்டியிலிருந்து தூக்கினார். தூக்கியவர் சட்டென்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஏன் என்று விளங்காமல் மூக்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். முதலாளியின் முழங்கைக்கு அருகிலேயே பூஜாடி. பூக்கள் அழுகி, தண்ணீர் பச்சை பிடித்திருந்தது. இந்த அறையில் முதலில் முகம் சுளித்திருக்க வேண்டியவர் அவர் அல்லவா?

"பூ அழுகிப்போச்சு சார். நாத்தம் குடலைப் பிடுங்குது!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாமா, பிடுங்குது, பிடுங்குது" என்று முதலாளியும் அவசரமாகத் தம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஜாடியை எடுத்துப்போகச் சொன்னார்.

வியாபாரி ஆரம்பித்தார். "அறுபது வருஷம் மரப்பீப்பாய்க்குள்ள தூங்கினது ஐயா. உலகத்துலேயே நாற்பது பாட்டில்தான் இருக்கு."

"நல்லாத் தூங்கினதை எதுக்கு எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் முதலாளி. சிரித்தாரே தவிர, பார்வை பாட்டிலின் மேல் இல்லை.

வியாபாரி கொஞ்சம் ஊற்றி நீட்டிய கோப்பையை மூக்கர் முகர்ந்தார். ஒன்றும் இல்லை. ஒரு வாய் சுவைத்தார். தொண்டை எரிந்தது, அவ்வளவுதான். மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பித்தார்.

"பழைய புத்தகம்... தோல்பை... காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல்... கடைசியில, மழையில நனைஞ்ச மரம்."

"ஆகா, மரம்! எனக்கும் அதேதான் பட்டுது!" என்று வியாபாரி உருகினார்.

"முடிவு?" என்றார் முதலாளி.

"தாராளமா வாங்கலாம் சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

மூக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டு உடைந்தது, வேலை போயிற்று.

"ஐயா, உங்க ஆளே பிரமாதம்னு சொன்னாரே!" என்று வியாபாரி பதறினார்.

"சொன்னார். அப்ப ஒரு சொட்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துடலாமா?"

அந்த நிமிஷமே வியாபாரிக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கழற்றி வைத்த ஒற்றைக் கையுறையை மேஜைமேல் மறந்துவிட்டு, பிறந்த குழந்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

"போலிச் சரக்கு! ஓடற ஓட்டத்தைப் பார்த்தீங்களா?" என்றார் முதலாளி.

மூக்கர் எழுந்தார். "சார், நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..."

"நீங்க என்னத்தைச் சொல்றது? வந்தவன் மனசு நோகக் கூடாதேன்னு வாயால புகழ்ந்தீங்க. ஆனா முகம் பொய் சொல்லலையே! நல்ல சரக்குன்னா உங்க இடது புருவம் தானா மேலே ஏறும். காது மடல் சிவக்கும். இன்னிக்கு உங்க முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்துது. ஒரு வீட்டைக் காப்பாத்திக் கொடுத்திருக்கீங்க. இந்த மாசத்திலேருந்து சம்பளத்தைக் கூட்டச் சொல்லிடறேன்."

"ஆனா... நீங்க ஒரு சொட்டுகூட வாயில வெச்சுப் பார்க்கலையே சார்?"

முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வெச்சு? தலையில அடிபட்டு எனக்கு வாசனையும் ருசியும் போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு. உங்க முகத்தைப் பார்த்துத்தான்யா இத்தனை நாளா குடிச்சிட்டிருக்கேன்!"