கல்யாண அறையில் ஒரு மூச்சு

"தீ என்ன விருந்தாளியா, கதவைத் தட்டிட்டு வர்றதுக்கு? அது..." என்று சுபைரின் பழைய மேஸ்திரி ஏதோ சொல்வார். மீதிப் பாதி மறந்துபோயிற்று.

அந்தப் பாதியைத் தேடிக்கொண்டேதான் ஹத்தாவின் வீட்டுப் படியேறினான் சுபைர். கேஸ் கம்பெனியில் சோதனை பார்ப்பவன்; சில நாள் கவுண்டரிலும் உட்காருவான். வியாழக்கிழமை அந்த வீட்டு இளைய மகனுக்குக் கல்யாணம். புதுத் தம்பதிக்கென்று கட்டிய அறையில் ஹீட்டர் பொருத்த அனுமதி கேட்டிருந்தார்கள். செத்தீஃப் நகரில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

உள்ளே ஒரே ரகளை.

ஓதிப் பார்க்க வந்த ஷேக், தாடியில் தண்ணீர் சொட்ட நின்றிருந்தார். காலடியில் அணைந்துபோன சாம்பிராணிச் சட்டி.

"நீயே பாரு தம்பி, என் மூத்த மருமக பண்ற கூத்தை!" என்றாள் ஹத்தா. "புது அறையில ஜின்னு மூச்சு விடுதாம். ஒரு மாசமா யாரையும் உள்ள விடல. சரி, ஓட்டிடலாம்னு ஷேக்கைக் கூட்டிட்டு வந்தா, வாசப்படியிலேயே அவர் தலையில ஒரு வாளித் தண்ணி! ஜின்னு அறையில இல்ல, இவ மேலதான் இருக்கு."

"ஜின்னாவது ஒண்ணாவது!" என்றான் மருமகளின் கணவன் மசூத். "எல்லாம் பொறாமைம்மா. வர்ற பொண்ணுக்கு டைல்ஸ் போட்ட அறை, இவளுக்கு ஓதம் ஏறின சுவரு."

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார் சிரித்தார்கள்.

மூத்த மருமகள் நுவாரா வாளியும் கையுமாக அறை வாசலை மறித்து நின்றாள்.

"நான் கம்பெனி ஆளும்மா. ஜின்னு என்கிட்ட வாலாட்டாது" என்று சுபைர் அவளை விலக்கினான்.

"விளக்கு மட்டும் போடாதீங்க" என்றாள் தணிந்த குரலில். "வெளிச்சம் அதுக்கு ஆகாது."

கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது. கூடத்து இரைச்சல் அறுந்தது.

பிறகுதான் கேட்டது.

ஸ்ஸ்ஸ்... பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சு விடுவதுபோல. சுவரில் அல்ல, ஜன்னலில் அல்ல. புதுக் கட்டிலுக்கு அடியில்.

அவன் மண்டியிட்டுக் கையை நீட்டினான். டைல்ஸ் இடுக்கிலிருந்து ஏதோ சில்லென்று விரலை நக்கியது. மூக்குக்கு ஒரு வாடையும் இல்லை.

பைக்குள் இருந்த கருவியை முடுக்கினான். அது வீறிட்டது.

தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் தரைக்குள் கசிகிறது. வாடையை மண் குடித்துவிட்டு, கேஸை மட்டும் மேலே அனுப்புகிறது. அதே குழாயின் மேல்தான் அறையைக் கட்டியிருக்கிறார்கள்.

ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே பாய்ந்தான். "எல்லாரும் தெருவுக்கு! சுவிட்சைத் தொடாதீங்க! யாரும் சிகரெட் பத்த வைக்காதீங்க!"

பனியில் எல்லோரும் நடுங்கி நிற்க, அவன் நுவாராவிடம் வந்தான்.

"அது ஜின்னு இல்லம்மா, கேஸ். இந்தக் காலத்திலயும் இப்படியா? விஷயத்தை முதல்லயே வந்து சொல்லியிருந்தா..."

"சொன்னேனே, அண்ணே. வீட்டுல சொன்னேன். 'அது கம்பெனி குழாய், கம்பெனிதான் பாக்கணும்'னார் இவர். கம்பெனிக்கு வந்தேன். 'குழாய் மேல கட்டினவன்தான் பொறுப்பு, அவனை வரச் சொல்லு'ன்னு கண்ணாடிக்குப் பின்னால இருந்து சொன்னீங்க. நீங்கதான். தலையைக்கூட நிமித்தல."

மேஸ்திரி சொன்ன மீதிப் பாதி இப்போதுதான் சுபைருக்கு நினைவு வந்தது: 'அது வீட்டாளு, உள்ளயேதான் இருக்கும்.'

"கேஸ்னு சொன்னப்ப ஒருத்தரும் அசையல. ஜின்னுன்னேன். இந்த ஒரு மாசமா அங்க யாரும் தீக்குச்சி கிழிக்கல."

சுபைர் போய்த் தெரு வால்வை மூடினான். தள்ளிப்போய் நின்று அலுவலகத்துக்கு போன் செய்தான்.

"பொறுப்பு யாருன்னு எழுத? வீட்டுக்காரனா, கம்பெனியா?" என்று கேட்டார்கள்.

சுபைர் தன் பெயரைச் சொன்னான்.